தோற்றாலும் அக்காவிடம்தான்

நடுவர் அவர்களுக்கும், எதிரணிக்கும், பந்தலுக்கு வெளியே எங்கள் சுவரொட்டியைத் தின்றுகொண்டிருக்கும் திருகோணமலைக் கோட்டை மானுக்கும் வணக்கம். ஏழு நிமிடம்தான் தந்திருக்கிறீர்கள், நேரே வருகிறேன்.

ஒரு குத்துச்சண்டைச் சாம்பியனின் பெருமையைத் தோல்வியில்லாத கணக்கை வைத்து அளப்பதா, மோதிய எதிராளிகளின் தரத்தை வைத்து அளப்பதா? தரத்தை வைத்துத்தான் என்பது எங்கள் கட்சி.

எனக்கு முன் பேசிய நண்பர் தலைப்பைப் பற்றிக் கொஞ்சமும் என்னைப் பற்றி நிறையவும் பேசினார். "இந்த மாஸ்டர் திருக்கடலூர்க் கரையில் மீன்கார அக்கா சொன்ன விலையை அப்படியே எண்ணிக் கொடுத்துவிட்டு வருகிறவர். இவரா சண்டையைப் பற்றிப் பேசுவது?" என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். முன்வரிசையில் இருக்கும் என் மனைவி உங்கள் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார்.

உண்மைதான். பதினொரு வருடமாகத் தோற்கிறேன். ஆனால் யாரிடம்?

"அக்கா, அறக்குளா கிலோ எவ்வளவு?" "2400." "2000 போடுங்கோ." அக்கா வாயே திறப்பதில்லை. கத்தியைக் கழுவுவார், பலகையைத் துடைப்பார். அப்புறம் மெதுவாக, "மாஸ்டர், இந்த முறை ஸ்கொலர்ஷிப்பில உங்கட பிள்ளையள் எத்தனை பேர் பாஸ்?" நானும் பெருமையாக, "பதின்மூன்று பேர்" என்பேன். "அவ்வளவு பெரிய மாஸ்டர், ஏழை மீன்காரியிட்ட 400 ரூபாய்க்கு நிக்கிறதோ?" பக்கத்தில் மீன் வாங்க நிற்பது யார்? அந்தப் பதின்மூன்று பேரில் ஒருத்தியின் தாய். கதை முடிந்தது.

இன்னொரு நாள் வீட்டில் ஒத்திகை பார்த்துவிட்டுப் போனேன். பிடிக்காததுபோல நடந்துவிட வேண்டும், அக்கா கூப்பிடுவார் என்பது திட்டம். நடந்தேன். பத்து அடி, கூப்பிடவில்லை. இருபது அடி, கூப்பிடவில்லை. திரும்பிப் பார்க்கிறேன், என் மீனைச் செதில் சுரண்டி, துண்டுபோட்டு, பையிலும் கட்டியாயிற்று. "வருவீங்கள் எண்டு தெரியும், வெட்டி வைச்சிட்டன்."

1974-இல் ஆபிரிக்காவின் கின்ஷாசாவில், குத்துச்சண்டை உலகச் சாம்பியன் ஜோர்ஜ் ஃபோர்மனுக்கு நடந்ததும் இதுதான். 40 சண்டை, 40 வெற்றி, அதில் 37 நாக் அவுட் என்ற கணக்கோடு வந்த மனிதர். முந்தைய வருடம் ஜோ ஃப்ரேசியரை இரண்டே சுற்றில் ஆறு தடவை தரையில் போட்டவர். முகமது அலி கயிற்றில் சாய்ந்துகொண்டு அடி, அடி என்று விட்டார். எட்டாவது சுற்றில் களைத்துப்போனவரை விழுத்தினார். அக்கா சாய்வது தராசில், அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி நண்பரின் வீரத்தைப் பார்ப்போம். சொன்ன விலையை அவர் ஒரு நாளும் கொடுத்ததில்லையாம். ஒத்துக்கொள்கிறேன். அவர் வாங்குவது பின்னேரம் ஐந்தரைக்கு, சைக்கிள் பெட்டியில் மீன் கொண்டுவரும் சின்னப் பெடியனிடம். ஐஸ் கரைந்து இரண்டு மணித்தியாலம். அந்தப் பெடியனுக்கு வீட்டுக்குப் போக வேண்டும். நண்பர் வாங்காவிட்டால் பூனை வாங்கும். பூனையும் யோசிக்கும். தோல்வியே இல்லாத கணக்கு, ஐயா!

இதை வைத்துக்கொண்டுதான் பழைய உலகச் சாம்பியன் ரொக்கி மார்சியானோவைக் கொண்டு வந்தார். 49 சண்டை, 49 வெற்றி, 1956-இல் ஓய்வு. அலிக்கு 61 சண்டையில் ஐந்து தோல்வி. ஆகவே மார்சியானோ பெரியவர் என்கிறார். அப்படியானால் மேவெதருக்கு 50 சண்டை, 50 வெற்றி. ஐம்பதாவது சண்டையில் எதிரே நின்ற மக்ரெகருக்குத் தொழில்முறைக் குத்துச்சண்டையில் அதுதான் முதல் சண்டை. மேவெதரை ஏன் விட்டீர்கள்? மார்சியானோவின் எதிராளிகளில் நண்பர் சொன்ன பெயர்கள் நாலு: லூயிஸ், வோல்கொட், சார்ள்ஸ், மூர். நாலும் எங்கள் கட்சிச் சாட்சிகள்! 1952-இல் வோல்கொட் முதல் சுற்றிலேயே மார்சியானோவை விழுத்தினார். பன்னிரண்டு சுற்று முடிந்தபோதும் புள்ளிகளில் முன்னுக்கு நின்றார். பதின்மூன்றாவதில் மார்சியானோவின் ஒரே வலக்கைக் குத்து, வோல்கொட் விழுந்தார். மார்சியானோவை நான் மதிப்பது அந்தக் குத்துக்காக. 49 என்ற இலக்கத்தை பஸ்ஸிலும் எழுதலாம்.

இராமனைப் பெரிய ஆளாக்கியது யார்? அதோ கோணேசர் மலையில் இருக்கும் இராவணன் வெட்டுக்குச் சொந்தக்காரர், நம்ம ஊர்க்காரர்.

ஆனால் ஒன்று. 1951-இல் மார்சியானோ 37 வயது ஜோ லூயிஸை விழுத்திவிட்டு, அவருடைய அறைக்குப் போய் அழுதார். சின்ன வயதிலிருந்து அண்ணாந்து பார்த்த மனிதர் அல்லவா? அலியும் ஃப்ரேசியரும் மூன்று முறை மோதினார்கள். 1975-இல் மணிலாவில் பதினான்கு சுற்று முடிந்தபோது ஃப்ரேசியருக்குக் கண் தெரியவில்லை, பயிற்சியாளர் நிறுத்திவிட்டார். அலிக்கும் சாவின் வாசல்வரை போய் வந்ததுபோலத்தான் இருந்ததாம். 2011-இல் ஃப்ரேசியர் இறந்தார். பார்க்கின்சன் நோயோடு அலி பிலடெல்பியாவுக்கு வந்தார். செத்த வீட்டில், பிறர் தாங்க எழுந்து நின்று, நடுங்கும் கையால் ஃப்ரேசியருக்காகக் கைதட்டினார்.

இதற்கும் தலைப்புக்கும் என்ன சம்பந்தம் என்று நடுவர் பார்க்கிறார். தெரியாது ஐயா. எனக்குப் போன மாதம் ஞாபகம் வருகிறது.

கரைக்குப் போனால் பலகைக்குப் பின்னால் அக்கா இல்லை, மகள் நிற்கிறாள். "அம்மா எங்கே?" "ஆஸ்பத்திரியில மாஸ்டர்." அறக்குளா 2400 என்றாள். வாய்ப்பழக்கத்தில் 2000 என்றுவிட்டேன். உடனே தராசில் வைத்தாள். "அம்மா சொல்லிவிட்டவ, மாஸ்டர் வந்தால் கேட்ட விலைக்குக் குடு எண்டு."

பதினொரு வருடத்தில் முதல் வெற்றி. நிற்க முடியவில்லை, ஐயா. 2400-ஐ எண்ணிப் பலகையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். பாதி வழியில்தான் பார்க்கிறேன், மீனை எடுக்கவில்லை.

மணி அடித்துவிட்டது. வணக்கம்.