மதிலோரத்து வெயிலுக்கு ஏற்ற செடிகள்

நேயர்களுக்கு வணக்கம். வீட்டு மதிலை ஒட்டி, நாளொன்றுக்கு 6 மணி நேரத்துக்குக் குறையாமல் வெயில் நேராக விழும் நீளப் பாத்தி ஒன்றில், ஆண்டுதோறும் பிடுங்கி நடாமல் நிலைத்து நின்று பூக்கும் செடிகளையும் புதர்களையும் எப்படித் தேர்வது என்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தமிழ்நாட்டுச் சமவெளியின் வெயிலை மனத்தில் வைத்தே பேசுகிறேன். உதகைக்கும் கொடைக்கானலுக்கும் கணக்கு வேறு.

நம்மில் பலர் நர்சரிக்குப் போவது கார்த்திகை, மார்கழியில்தான். நிழல்வலைக்கு அடியில், நாள்தோறும் நீர் குடித்து நிற்கும் செடி எதுவும் அப்போது அழகாகத்தான் இருக்கும். அதே செடி கத்திரி வெயிலில், சூடேறிய சுவருக்கு முன்னால், தண்ணீர் லாரியை எதிர்பார்த்திருக்கும் ஒரு வீட்டில் எப்படி நிற்கும் என்று எண்ணிப் பார்த்தே வாங்க வேண்டும். பூவின் நிறத்தை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நிறப் பொருத்தம் கருதிக் காகிதப்பூவையும் கல்வாழையையும் பக்கத்தில் பக்கத்தில் நட்டேன். கல்வாழைக்கு மண் ஈரமாகவே இருக்க வேண்டும். காகிதப்பூவுக்கோ மண் நன்றாகக் காய்ந்தால்தான் பூக்கத் தோன்றும். ஒரே குழாயில் இரண்டுக்கும் நீர் விட்டதில், காகிதப்பூ மதிலுக்கு மேல் பச்சைப் பசேலென்று படர்ந்ததே ஒழியப் பூக்கவில்லை. நீரைக் குறைத்தபோது கல்வாழையின் இலையோரங்கள் கருகின. ஒரு பாத்தியில் ஒரே அளவு தாகமுள்ள செடிகளையே சேர்க்க வேண்டும் என்று அன்று முதல் சொல்லி வருகிறேன்.

நீர் குறைந்த வீட்டுக்கு அரளி, காகிதப்பூ, மயில்கொன்றை, ஆவாரை ஆகியவை போதும். வறட்சியையும் வாகனப் புகையையும் தாங்குவதாலும், ஆடு மாடு வாய் வைக்காததாலும்தான் நெடுஞ்சாலைகளின் நடுவே அரளியை வரிசையாக நட்டிருக்கிறார்கள். ஆனால் அதன் எல்லாப் பகுதிகளும் நஞ்சு என்பதால், எதையும் வாயில் வைக்கும் வயதில் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு அதை நான் சொல்லமாட்டேன். மயில்கொன்றை 3 மீட்டர் வரை உயரும்; பாத்தியின் பின்பக்கத்தில், மதிலோரம் நிற்கட்டும். ஆண்டுக்கு ஒரு முறை இடுப்பளவுக்கு வெட்டிவிட்டால் அடியிலிருந்தே கிளைத்துப் பூக்கும்.

கிணற்று நீர் தாராளமாக உள்ளவர்கள் செம்பருத்தி, நந்தியாவட்டை, இட்லிப்பூ என்று போகலாம். செம்பருத்திக்கு மாவுப்பூச்சி வரும். நுனிகளை வாரம் ஒரு முறை திருப்பிப் பார்க்கப் பொறுமை இல்லாதவர்கள் அதை விட்டுவிடுவது நல்லது. இட்லிப்பூவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஆநிரை கவரப் போன மறவர்கள் சூடியதாகப் பழந்தமிழ் சொல்லும் வெட்சிதான் இது. இத்தனை பழைய உறவு இருந்தும் மதிலோரத்தில் இது சோர்ந்துவிடுகிறது. தளிரிலைகள் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சையாகத் தெரிகின்றன. உடனே நாம் தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றுகிறோம். உண்மையில், வீடு கட்டியபோது மதிலடியில் கொட்டிய சிமெண்டும் சுண்ணாம்பும் மண்ணைக் காரமாக்கிவிட்டதால், மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேரால் அதை எடுக்க முடிவதில்லை. லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்புச் சத்துள்ள உப்பு) கரைத்து, வெயில் தாழ்ந்தபின் இலைகளில் தெளித்தால் பச்சை திரும்பும். அதைவிட, சுவரிலிருந்து 2 அடி தள்ளிக் குழி எடுத்து, கட்டடக் குப்பையை அகற்றி, செம்மண்ணும் மக்கிய எருவும் நிரப்பி நடுவதே நிலையான தீர்வு.

முன்வரிசைக்கு நித்தியகல்யாணியை விஞ்சிய செடி எனக்குத் தெரியாது. வேரில் நீர் தேங்கினால் மட்டும் அழுகிவிடும். இரண்டாண்டில் தண்டு முற்றியதும், தானாக விழுந்து முளைத்த நாற்றுகளை விட்டுவைத்துப் பழையதைக் களையலாம். உன்னிச்செடியைப் பலர் கேட்கிறார்கள். வெயிலைத் தாங்கும், ஓயாமல் பூக்கும், உண்மைதான். முதுமலைக் காட்டுக்குள் அது புகுந்து பரவியிருப்பதைப் பார்த்தபின் எனக்கு மனம் வரவில்லை.

புரட்டாசிக் கடைசியில் நட்டால் வடகிழக்குப் பருவமழை வேரூன்ற வைத்துவிடும். அப்படி நட்ட செடிக்கும் முதல் கோடையில் கைநீர் வேண்டும். ஆவாரையை மட்டும் நாற்றாக வாங்காதீர்கள், வேர் அசைவதை அது விரும்பாது. கடினத் தோலுள்ள அதன் விதையை வெந்நீரில் ஓரிரவு ஊறவைத்து, நிற்க வேண்டிய இடத்திலேயே ஊன்றுங்கள். வளர்ந்தபின் ஒரு நாள் இலைகளைப் பச்சைப் புழுக்கள் தின்று தீர்த்திருக்கலாம். அவை வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளின் குஞ்சுகள். மருந்து அடிக்க வேண்டாம், செடி மீண்டும் துளிர்க்கும். வணக்கம்.