கமிங்ஸ் சொற்களை ஏன் உடைத்தார்?

"சொல்லை நடுவில் உடைப்பது, அடைப்புக்குறியை எங்கோ திறப்பது, இதெல்லாம் வெறும் வித்தைதானே? அமெரிக்கக் கவிஞர் ஈ. ஈ. கமிங்ஸுக்கு ஏன் இவ்வளவு பெயர்?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். அவர் உயிரோடு இருந்தபோதே விமர்சகர்கள் இப்படிக் கேட்டார்கள்.

ஒரு கவிதையை மட்டும் நிதானமாகப் பார்ப்போம். 1958-இல் வந்த அவருடைய தொகுப்பின் முதல் கவிதை. மொத்தமே நான்கு சொற்கள், 20 எழுத்துகள். தனிமையைக் குறிக்கும் 'லோன்லினஸ்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தான 'எல்' (l) மட்டும் எழுதி, உடனே அடைப்புக்குறியைத் திறக்கிறார். உள்ளே 'ஓர் இலை விழுகிறது' என்ற செய்தி. குறியை மூடியதும் அந்தச் சொல்லின் மிச்சம் வருகிறது. எல்லாம் ஒன்பது வரிகளில், பெரும்பாலும் வரிக்கு இரண்டு எழுத்தாக, மேலிருந்து கீழே இறங்குகிறது. ஒரு வரியில் 'ஏ', 'எஃப்'. அடுத்த வரியில் அதே இரண்டும் இடம் மாறி 'எஃப்', 'ஏ'. இலை காற்றில் புரள்வதைக் கண் பார்த்துவிடுகிறது. கீழே 'ஒன்' என்ற மூன்று எழுத்து தனி வரியில் நிற்கிறது. தனிமைக்குள் 'ஒன்று' ஒளிந்திருப்பதை அப்போதுதான் கவனிக்கிறோம். அந்த முதல் எழுத்தும் பழைய தட்டச்சில் 1 என்ற எண்ணைப் போலவே இருக்கும்.

இதை உரக்கப் படிக்கவே முடியாது. கமிங்ஸ் ஓவியரும்கூட; தாளில் விடும் வெற்றிடம்கூட அவருக்கு அர்த்தமுள்ளது. எஸ். ஏ. ஜேக்கப்ஸ் என்ற அச்சுக்கலைஞர் அந்த இடைவெளிகளை அப்படியே கோத்துக் கொடுத்தார்.

இன்னொன்று, வெட்டுக்கிளி கவிதை. பூச்சியின் பெயர் எழுத்து கலைந்து தாவுகிறது, கடைசியில்தான் முழுச் சொல்லாக வந்து உட்காருகிறது. அது இடம்பெற்ற தொகுப்பு 1935-இல் வந்தது. 14 பதிப்பகங்கள் மறுத்த பிறகு தாயார் கொடுத்த பணத்தில் அச்சானது. மறுத்த பதிப்பகங்களின் பெயர்களையே அஸ்திக் கலசத்தின் வடிவில் அடுக்கி, நூலை அவற்றுக்கே சமர்ப்பணம் செய்தார்!

சரி, மரபு தெரியாமல் உடைத்தவரா? இல்லை. ஹார்வர்டில் படித்தவர், வாழ்நாள் முழுக்க சானெட் என்ற மரபுக் கவிதை வடிவத்தில் எழுதியவர். அவருடைய நல்ல காதல் கவிதைகள் பலவும் அதன் பதினான்கு வரிக் கட்டுக்குள் அடங்கியவை. உடைக்கும் இடம் அவருக்குத் தெரிந்திருந்தது. எல்லாக் கவிதையிலும் அது பலித்தது என்று சொல்ல மாட்டேன். சிலவற்றில் புதிரை விடுவித்த பிறகு உள்ளே பெரிதாக எதுவும் இருக்காது. அந்த இடத்தில் உங்கள் சந்தேகம் சரிதான்.

அவருடைய தாக்கத்தைப் பார்க்க பிரேசிலுக்குப் போக வேண்டும். 1952-இல் சாவோ பாவ்லோவில் உருவான நோய்காண்ட்ரஸ் என்ற கவிஞர் குழு, எழுத்தின் வடிவத்தையே பொருளாக்கும் 'காங்க்ரீட் கவிதை'யை வளர்த்தது. 1958-இல் அவர்கள் வெளியிட்ட அறிக்கையில் மல்லார்மே, பவுண்டு, ஜாய்ஸ் ஆகிய எழுத்தாளர்களுடன் கமிங்ஸையும் முன்னோடியாகச் சொன்னார்கள். குழுவின் அகுஸ்தோ டி கம்போஸ் அவரைப் போர்த்துகீசியத்தில் மொழிபெயர்த்தார். எழுத்து எழுத்தாகக் கோத்த கவிதையை வேறு மொழியில் மறுபடி கோப்பது எவ்வளவு பெரிய உழைப்பு, பாருங்கள்.

புதிதாகப் படிப்பவர்கள் சானெட்டுகளில் தொடங்குங்கள். அப்புறம் வெட்டுக்கிளிக்கு வரலாம்.