கடனா, இரவலா?

(காரைக்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், நூலக ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும், முன்வரிசையை முன்பே பிடித்துவிட்ட ஆச்சிமார்களுக்கும், பின்னால் தூணில் சாய்ந்து நிற்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

ஒன்றுபோலத் தோன்றி ஆளைக் கவிழ்க்கும் ஆங்கிலச் சொற்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். 30 வருடம் ஆங்கில வாத்தியாராக இருந்தவன் நான். ஆனாலும் கவிழ்ந்த கதையிலிருந்தே தொடங்குகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வீட்டுக்கு ஓடு மாற்றப் பணம் தேவைப்பட்டது. ஒரு வங்கிக்குப் போய் மேலாளரிடம், ‘ஐ வான்ட் டு லெண்ட் டென் தவுசண்ட் ருபீஸ்’ என்றேன். மனிதர் எழுந்து நின்று கைகொடுத்தார். “செட்டிநாட்டுக்காரர் என்று சொன்னார்கள், சரியாகத்தான் இருக்கிறது. வங்கிக்கே கடன் கொடுக்க வந்திருக்கிறீர்களே!” என்றார்.

லெண்ட் என்றால் கொடுப்பது. பாரோ என்றால் வாங்குவது. நமக்கு ஏன் குழம்புகிறது? தமிழில் கடன் என்ற சொல் அசையாமல் நிற்கிறது. பின்னால் வருகிற ‘கொடு’வும் ‘வாங்கு’வும்தான் மாறுகின்றன. ஆங்கிலத்தில் சொல்லே வேறாகிவிடுகிறது. நமக்கு ஒரு சொல்லும் அவர்களுக்கு இரண்டும் இருக்கிற இடத்தில்தான் நாம் வழுக்குவோம். இலக்கண நூலைவிட இதைத்தான் நான் நம்புகிறேன்.

இதே இடத்தில் அவர்களுக்கும் ஒரு வழுக்கல் உண்டு. பக்கத்து வீட்டில் ஒரு படி அரிசி வாங்குகிறோம். விசேஷத்துக்கு ஒரு பெரிய அண்டா வாங்குகிறோம். ஆங்கிலத்தில் இரண்டும் பாரோதான். அரிசியை இரவல் வாங்கினேன் என்று ஆச்சியிடம் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார். அரிசி கடன். பொங்கித் தின்றுவிட்டு வேறு அரிசியை அளந்து கொடுப்போம். அண்டா இரவல். அதே அண்டா, விளிம்பில் வெட்டிய பெயரோடும் இடுப்பில் விழுந்த நசுங்கலோடும் திரும்பி வந்தாக வேண்டும். பழைய ரோமானியச் சட்டம் முதலாவதை மியூச்சுவம் என்றும் இரண்டாவதைக் கமோடேட்டம் என்றும் பிரித்தது. லத்தீனிடம் ஆயிரக்கணக்கில் சொல் வாங்கிய ஆங்கிலம், அன்றாடப் பேச்சுக்கு இந்தப் பிரிவினையை வாங்கிக்கொள்ளவில்லை. ஆச்சி வாயில் அது இன்னும் இருக்கிறது.

பான், மார்ட்கேஜ் இரண்டையும் பிள்ளைகள் ‘அடகு’ என்றே எழுதுகிறார்கள். சங்கிலியைக் கழற்றிக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தால் பான். வீட்டின் பேரில் கடன் வாங்கிவிட்டு அதே வீட்டில் படுத்துத் தூங்கினால் மார்ட்கேஜ். பழைய பிரெஞ்சில் அதற்குச் ‘செத்த ஈடு’ என்று பொருள். அப்படியானால் ஒத்தி? கடன் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாக வயலை அனுபவிப்பார். அதைச் சாதாரண ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

ஈடு என்றதும் இந்த ஊரில் பர்மா நினைவு வராமல் இருக்குமா? கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில், 1930இல் நம் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் சுமார் 6 சதவீதம். 1938இல் அது 25 சதவீதம். நிலம் தேடிப் போனவர்கள் அல்ல, வட்டிக்குக் கொடுக்கப் போனவர்கள். நெல் விலை விழுந்தது, கடன் திரும்பவில்லை, ஈடாக வைத்த வயல் கைக்கு வந்தது. லெண்டர் லேண்ட்லார்ட் ஆனார். அதன் பிறகு வந்த கசப்பைச் சொல்ல இன்னொரு கூட்டம் வேண்டும்.

அப்புறம், பிரின்சிபல். கல்லூரித் தலைவரும் அதுதான், கடனின் அசலும் அதுதான். இரண்டுக்கும் என்ன உறவு என்று பிள்ளைகள் கேட்பார்கள். தமிழில் சொல்லிப் பாருங்கள்: அவர் முதல்வர், இது முதல். லத்தீனிலும் வேர்ப்பொருள் ‘முதல்’தான். கொள்கை என்ற பொருளில் வருகிற பிரின்சிபிளும் அதே குடும்பம். ஆனால் கடைசி எழுத்துகளில் பங்காளிச் சண்டை.

இன்ட்ரஸ்ட் இன்னும் வேடிக்கை. வட்டியும் அதுதான், அக்கறையும் அதுதான், ஒரு விவகாரத்தில் நமக்குள்ள பங்கும் அதுதான். ‘டிஸ்இன்ட்ரஸ்டட் ஜட்ஜ்’ என்பதை ஒரு மாணவன் ‘வட்டி வாங்காத நீதிபதி’ என்று மொழிபெயர்த்திருந்தான். சிவப்பு மையால் அடித்துவிட்டேன். வீட்டுக்குப் போய் யோசித்தால், பாதி சரி! அந்த விவகாரத்தில் தனக்கு லாபமோ நட்டமோ இல்லாதவர் என்பதுதான் பொருள். ஒரு வளவு வீட்டுக்கு 20 புள்ளி, அதாவது 20 குடும்பம், பங்கு. பாகம் பேச வருகிறவருக்கு அதில் ஒரு அறைகூடச் சேரக் கூடாது. அவர் டிஸ்இன்ட்ரஸ்டட். பட்டாலையில் உட்கார்ந்து, பேச்சைக் காதில் வாங்காமல் போனைத் தடவிக்கொண்டிருக்கிறாரே மாப்பிள்ளை, அவர் அன்இன்ட்ரஸ்டட். மறுநாள் அன்இன்ட்ரஸ்டட் பக்கத்தில் ‘மாப்பிள்ளை’ என்று அந்த மாணவன் எழுதி வைத்திருந்தான். அதை நான் அடிக்கவில்லை.

ஸ்டேஷனரியை வேகமாகக் கடந்துவிடலாம். ஊர் ஊராகச் சுமந்து விற்காமல் ஒரே இடத்தில் கடை போட்டவரை ஸ்டேஷனர் என்றார்கள். புத்தகம், தாள் விற்றவருக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அசையாமல் நிற்பதும் அதே ஓசைதான், எழுத்து மட்டும் ஒன்று வேறு.

சரி, நேரம் ஆகிவிட்டது. நூலகர் கடிகாரத்தைப் பார்க்கிறார். நூலகப் புத்தகம் கடனா, இரவலா? இரவல்தான். தொலைத்துவிட்டு வேறொன்றை வாங்கி வைத்தால் அது அரிசிக் கணக்கு. மேடை ஏறுமுன் அவர் பழைய பதிவேட்டைத் திறந்து ஒரு வரியைக் காட்டினார். என் பெயர், என் கையெழுத்து, எதிரே ‘வரவில்லை’. நாளைக் காலையில் பரணில் ஏறித் தேடுகிறேன், ஐயா.