இரண்டு கறுப்பு

நேயர்களுக்கு வணக்கம்.

கார் பானெட்டைத் திறந்தால் ரேடியேட்டரின் ஓரத்தில் கறுப்பாக ஒரு தொட்டி தெரியும். பெரும்பாலும் அது நைலான் 66 என்ற பிளாஸ்டிக். வலுவுக்காக அதில் 30 சதவீதம் அளவுக்குக் கண்ணாடி இழை கலந்திருப்பார்கள்.

இந்த நைலான் கொஞ்சம் அவசரக்காரன். உருகுவதற்கு 260 டிகிரி செல்சியஸ் வேண்டும். உருகிய நிலையில் அதன் நீளமான மூலக்கூறுச் சங்கிலிகள் நூல்கண்டு சிக்கியதுபோல் கிடக்கும். அச்சுக்குள் போய்ச் சூடு இறங்கியதோ இல்லையோ, மடிந்து மடிந்து படிகமாக அடுக்கிக்கொள்ள ஆரம்பித்துவிடும். இழைகளைப் பிளாஸ்டிக் முழுவதுமாக மூடுவதற்குள் மேல்பரப்பு இறுகிவிடுகிறது. இழை வெளியே தெரிந்து, பொருள் சாம்பல் பூத்தமாதிரி ஆகிவிடும்.

நான் மோல்டிங் பட்டறையில் சேர்ந்த புதிதில் இப்படி ஒரு லாட் முழுக்கத் திரும்பி வந்தது. அச்சின் சூட்டை ஏற்றிப் பார்த்தோம், அழுத்தத்தைக் கூட்டிப் பார்த்தோம். கடைசியில் கறுப்பு மாஸ்டர்பேட்சை, அதாவது நிறம் கொடுக்கச் சேர்க்கிற செறிவான கலவையை, மாற்றிய பிறகுதான் பளபளப்பு வந்தது. பழையதில் இருந்தது கார்பன் பிளாக், அதாவது நுண்ணிய கரித்தூள். புதியதில் நிக்ரோசின், ஷூ பாலிஷிலும் மையிலும் சேர்க்கிற அதே சாயம்.

நிறம் ஒன்றுதான், குணம் நேர் எதிர். ஜாங்கிரிக்குப் பாகு காய்ச்சுகிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். பாகில் ஒரு சர்க்கரைத் துகள் விழுந்தால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு மொத்தமும் பூத்துவிடும். கார்பன் பிளாக் கரையாத துகள். நைலான் படிகம் வளர அது விதையாகிறது. அதே பாகில் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் சர்க்கரையில் ஒரு பகுதி குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைந்து, மிச்சச் சர்க்கரையைப் படிகமாக அடுக்கிக்கொள்ள விடாமல் குறுக்கே நிற்கும். நிக்ரோசின் செய்வதும் கிட்டத்தட்ட இந்தக் குறுக்கீடுதான். நைலானோடு நன்றாகக் கலந்து, சங்கிலிகள் ஒன்றையொன்று பிடிப்பதைத் தாமதப்படுத்துகிறது. அந்தச் சிறு அவகாசத்தில் பிளாஸ்டிக் அச்சின் சுவர்வரை போய் இழையை மூடிவிடுகிறது.

படிகமாவதைத் தாமதப்படுத்து என்றால் உற்பத்தி மேலாளருக்குக் கோபம் வரும். மணிக்கு எத்தனை பீஸ் விழுகிறது என்பதுதானே அவர் கணக்கு! ஆனால் திரும்பி வரும் லாட்டையும் அதே கணக்கில் எழுத வேண்டும்.

சரி, வெள்ளை நிறப் பொருளுக்கு என்ன வழி? நிக்ரோசின் அங்கே உதவாது. அதற்குப் படிகமே ஆகாத இன்னொரு வகை நைலானைக் கொஞ்சம் கலப்பார்கள். விலை கூடும்; ஆனால் எந்த நிறத்துக்கும் அது ஒத்துப்போகும்.

வணக்கம்.