கூடாரத்துக்குப் பூட்டு எதற்கு?

வணக்கம் நேயர்களே. மலையேறப் போகிறேன் என்று பிள்ளைகள் சொன்னதும் வீட்டில் என்ன கேட்போம்? யானை வருமா, அட்டை கடிக்குமா, வழி தவறினால் என்ன செய்வாய் என்று கேட்போம். பொருள் பத்திரமா என்று கேட்பவர்கள் குறைவு. முப்பது வருடமாக நான் மலையேறி வருகிறேன். இளைஞர்களையும் கூட்டிக்கொண்டு போகிறேன். யானையால் பட்ட பாட்டைவிட, காணாமல்போன பையால் பட்ட பாடுதான் எங்களுக்கு அதிகம். அதனால் மலையில் தங்கும்போது நம் பொருளை எப்படிக் காப்பாற்றிக்கொள்வது என்பதையே இன்று பேசலாம் என்று வந்தேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 1999, செப்டம்பர் கடைசி. நானும் என் கல்லூரி நண்பனும் கங்கோத்திரிக்குப் போயிருந்தோம். அப்போது அது உத்தரப் பிரதேசம். உத்தராகண்ட் தனியாகப் பிரிந்தது அடுத்த வருடம்தான். கங்கோத்திரியிலிருந்து 18 கிலோமீட்டர் நடந்தால் கோமுகம். பனிப்பாறையின் அடியிலிருந்து பாகீரதி வெளியே வருகிற இடம் அது. அதற்கு 4 கிலோமீட்டர் முன்னால் போஜ்பாசா இருக்கிறது. 12,000 அடிக்கு மேல். அங்கே ஓர் ஆசிரமம் உண்டு, நடந்து வருகிறவர்கள் கூடாரம் போட்டுத் தங்குவதும் உண்டு. எங்கள் சுமையைத் தூக்க ஒரு நேபாளி அண்ணன் வந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். நாங்கள் மூச்சு வாங்கி நிற்கிற இடத்தில் அவர் மெதுவாகப் பாடிக்கொண்டே போவார்.

மறுநாள் விடியுமுன்பே பெரிய சுமையைக் கூடாரத்தில் விட்டுவிட்டுக் கோமுகத்துக்குக் கிளம்பினோம். கூடாரத்தின் ஜிப் இரண்டையும் சேர்த்து ஒரு குட்டிப் பூட்டுப் போட்டான் நண்பன். டில்லியில் வாங்கிய புதுப் பூட்டு. அந்த அண்ணன் டீ குடிக்க ஆசிரமத்துப் பக்கம் போனார். நாங்கள் திரும்பி வரும்போது மணி பதினொன்று இருக்கும். பூட்டு போட்டபடியே தொங்கிக்கொண்டிருந்தது. பின்பக்கத் துணியை பிளேடால் மேலிருந்து கீழாகக் கிழித்திருந்தார்கள். நண்பனின் தூங்கும் பை, கம்பளிச் சட்டை, டார்ச், மூன்றும் இல்லை.

காசுக் கணக்கில் பார்த்தால் பெரிய இழப்பில்லை. பணமும் கேமராவும் எங்கள் தோளில்தான் இருந்தன. ஆனால் அன்றைய இரவை நினைத்துப் பாருங்கள். அந்த உயரத்தில் அந்த மாதத்தில் பாத்திரத்துத் தண்ணீர் உறைந்துவிடும். சென்னையில் போர்வை தொலைந்தால் கடைக்குப் போகலாம். அங்கே கடைக்கு 14 கிலோமீட்டர் கீழே இறங்க வேண்டும்.

நண்பனுக்குக் கோபம் அந்த அண்ணன் மேல் திரும்பியது. கூடாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நாங்கள் அவரிடம் சொல்லவே இல்லை. அவருடைய பையைத் திறந்து காட்டச் சொன்னான். அவர் ஒரு வார்த்தை பேசாமல் திறந்து, உள்ளே இருந்ததை ஒவ்வொன்றாகப் பாறை மேல் எடுத்து வைத்தார். ஒரு மாற்றுச் சட்டை, பீடிக்கட்டு, கொஞ்சம் சத்துமாவு, ஒரு சின்னப் பெண்ணின் புகைப்படம். அவ்வளவுதான் இருந்தது.

அன்று சாயங்காலம் ஆசிரமத்துக்குப் போய் இரண்டு ரஜாய், அதாவது பஞ்சு வைத்துத் தைத்த போர்வை, கேட்டு வாங்கி வந்தவர் அவர்தான். தன் கம்பளியையும் சேர்த்து நண்பனுக்குப் போர்த்திவிட்டு, ஆசிரமத்துச் சமையல்கட்டு ஓரமாகப் போய்ப் படுத்துக்கொண்டார். மறுநாள் இறங்கும்போது அவர் பாடவில்லை. கங்கோத்திரியில் நண்பன் கூலிக்கு மேல் பணம் வைத்துக் கொடுத்தான். பேசிய கூலியை மட்டும் எண்ணி எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எடுத்தது யார் என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது.

இந்தக் கதையை நான் போகிற இடமெல்லாம் சொல்வேன். காரணம், மலையில் ஒரு பொருள் காணாமல்போனால் முதலில் சுமைக்காரரையும் கோவேறு கழுதைக்காரரையும் பார்ப்பது நமக்குப் பழக்கமாகிவிட்டது. ஒரு பருவம் முழுக்க அதே பாதையில் பிழைப்பவர்கள் அவர்கள். பெயர் கெட்டால் அடுத்த நாள் வேலை இல்லை. நாமோ அன்றைக்கு வந்து அன்றைக்கே போகிறவர்கள். பக்கத்துக் கூடாரமும் அப்படித்தான். ஆதாரமில்லாமல் யாரையும் குற்றம் சொல்லாதீர்கள். கூட வருபவரிடம் காலையிலேயே, அண்ணே, நாங்கள் வரும்வரை கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள், அதற்குத் தனியாகத் தருகிறோம் என்று மரியாதையாகக் கேளுங்கள். நாங்கள் அதைக் கேட்டிருக்க வேண்டும்.

சரி, பூட்டுக்கு வருவோம். கூடாரம் துணிதானே? துணிக்குப் பூட்டுப் போட்டு என்ன பயன்? உள்ளே ஏதோ இருக்கிறது என்று பூட்டே ஆளுக்குக் காட்டிக் கொடுத்துவிடும். நான் அதற்குப் பிறகு கூடாரத்தைப் பூட்டியதில்லை. இடுப்பில் ஒரு சின்னப் பை கட்டிக்கொள்கிறேன். பணத்தில் பாதி, அடையாள அட்டை, போன், கட்டைவிரல் அளவு டார்ச், மாத்திரை, வண்டிச் சாவி, இவை அதில் இருக்கும். பணத்தின் மறுபாதி பெரிய பையின் அடியில், அழுக்குத் துணிக்குள். மேலே சிக்னல் இருக்காது, போனில் பணம் அனுப்ப முடியாது, அதனால் ரொக்கம் வேண்டும். இடுப்புப் பை, காலையில் ஒதுங்கப் போகும்போதும் இடுப்பில்தான். இரவில் தூங்கும் பைக்குள் கால்மாட்டில். மறுபடியும் சொல்கிறேன், அது உங்கள் உடம்பை விட்டுப் பிரியக்கூடாது.

பெரிய பையைக் கூடாரத்தின் ஓரத்தில் வைக்காதீர்கள். இரண்டு பேருக்கு நடுவில் வையுங்கள். ஷூவை வெளியே விடாதீர்கள், ஒரு கவரில் போட்டு உள்ளே வையுங்கள். மனிதர் எடுக்காவிட்டாலும் நாயோ நரியோ ஒற்றை ஷூவைக் கவ்விப் போய்விடும். ஒற்றை ஷூவோடு எப்படி இறங்குவது?

இமயமலைவரை போகாதவர்களும் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். நம் வெள்ளியங்கிரிக்கு வருவோம். பிப்ரவரியிலிருந்து மே வரை கூட்டம் கூட்டமாக, மூங்கில் கம்பை ஊன்றிக்கொண்டு ராத்திரியில் ஏறுகிறோம். ஆறாவது மலையில் ஆண்டி சுனை. அந்தக் குளிர்ந்த தண்ணீரில் முழுகாமல் யாருக்கும் மனசு வராது. சட்டை, போன், பர்ஸ், கார் சாவி எல்லாவற்றையும் துண்டில் சுருட்டிப் பாறை மேல் வைத்துவிட்டு இறங்குகிறோம். இருட்டு. பக்கத்தில் அதே மாதிரி பத்துச் சுருட்டல். திருடனே வேண்டாம், கைமாறிப் போனாலே போதும். அப்புறம் பூண்டி அடிவாரத்தில் நிற்கிற காரை எப்படித் திறப்பது? இரண்டு இரண்டு பேராகக் குளியுங்கள், ஒருவர் கரையில் நிற்கட்டும். ஐந்து நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

அடிவாரத்தைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று. பொருளை டிக்கியில் வைக்க வேண்டுமானால் வழியிலேயே, டீக்கு நிறுத்துகிற இடத்தில் வைத்துவிடுங்கள். வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்து, நாலு பேர் பார்க்க லேப்டாப் பையை டிக்கிக்குள் தள்ளிவிட்டு மலையேறினால், ஆறு ஏழு மணி நேரம் வரமாட்டீர்கள் என்று பார்க்கிறவருக்குத் தெரியும். நான் கேட்ட கதைகளில் பாதி மலையின் அடியில் நடந்தவைதான்.

சதுரகிரிக்குப் போகிறவர்களுக்குக் குரங்கைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கையில் பிளாஸ்டிக் கவர் தெரிந்தால் தின்பண்டம் என்று அதற்குத் தெரியும். துணிப்பைக்குள் வைத்து வாயைக் கட்டுங்கள். பறித்துவிட்டால் இழுத்துப் போராடாதீர்கள், கடித்துவிடும்.

கொழுக்குமலை மாதிரி இடங்களில் வாடகைக் கூடாரத்தில் தங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். விடியற்காலை ஐந்து மணிக்குச் சூரியோதயம் பார்க்க எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்து போகிறோம். வரிசையாகக் கூடாரங்கள், ஒன்றிலும் ஆளில்லை. முந்தின இரவே பக்கத்துக் கூடாரத்துக்காரர்களிடம் எந்த ஊர் என்று கேட்டுப் பேசிவிடுங்கள். உங்கள் முகம் தெரிந்தவர்தான் வேறு யாராவது உங்கள் கூடாரத்துக்குள் நுழைந்தால் கேட்பார். இரண்டு நாள் தங்கினால் முறைவைத்து ஒருவர் இருங்கள்.

இன்னொன்றும் உண்டு. அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் கூடாரம் போடாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்களைப் பலிகொண்ட காட்டுத்தீயை நாம் மறக்கக்கூடாது. அது உயிர் விஷயம். திருட்டு விஷயத்திலும் கேடுதான். திருட்டுத்தனமாகப் போய்த் தங்கியவர், பொருள் போனால் போலீசுக்கே போகத் தயங்குவார். இப்போது வனத்துறை, டிரெக் தமிழ்நாடு என்று 2024 அக்டோபரில் 40 பாதைகளைத் திறந்துவிட்டிருக்கிறது. அதில் பதிவுசெய்து போகலாம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். பொருள் போன பிறகு செய்ய வேண்டியதை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். வேகமாகச் சொல்லிவிடுகிறேன். புகாரை எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். எல்லை எங்களுடையது இல்லை என்று திருப்பி அனுப்பக்கூடாது, பூஜ்ய எஃப்.ஐ.ஆர். என்று அதற்குப் பெயர். போன் போனால் முதலில் சிம்மையும் வங்கிக் கணக்கையும் முடக்கச் சொல்லுங்கள். பிறகு மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனையே முடக்கலாம். அதற்குப் போனின் ஐ.எம்.இ.ஐ. எண், அதாவது ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண், வேண்டும். இப்போதே உங்கள் போனில் ஸ்டார், ஹாஷ், பூஜ்யம், ஆறு, ஹாஷ் என்று அழுத்துங்கள். பதினைந்து இலக்க எண் வரும். ஒரு தாளில் எழுதி வீட்டில் அம்மாவிடமோ மனைவியிடமோ கொடுத்து வையுங்கள். இரவுப் பேருந்தில் பையை எங்கே வைப்பது என்பதற்கு இன்று நேரமில்லை. நன்றி, வணக்கம்.