சிங்கத்தின் வாயில் இருந்தபோது வலிக்கவில்லை

வணக்கம் நேயர்களே. அறுவை அரங்கில் மயக்க மருந்து கொடுப்பது என் தொழில். வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதற்கே சம்பளம் வாங்குகிறவன் நான், ஆனால் இன்று பேச வந்திருப்பது மருந்தே இல்லாமல் சிலருக்கு வலி தெரியாமல் போவதைப் பற்றி.

ரொம்ப நேரம் காலை மடக்கி உட்கார்ந்தால் மரத்துப்போகிறது, இல்லையா? அதே சொல்லைத்தான் மனசுக்கும் சொல்கிறோம், மனசு மரத்துப்போச்சு என்று. டாக்டர்கள் இதை டிசோசியேஷன் என்பார்கள், தமிழில் உளவிலகல் என்று எழுதுகிறார்கள். எனக்கு 'விலகிப்போவது' என்று சொன்னாலே போதும். பெரிய விபத்தோ அடியோ நேரும்போது, இது எனக்கு நடக்கவில்லை, வேறு யாருக்கோ நடக்கிறது, நான் ஓரமாக நின்று பார்க்கிறேன் என்று தோன்றும், சத்தமெல்லாம் தூரத்தில் கேட்கும்.

இதற்கு நான் எப்போதும் சொல்கிற கதை லிவிங்ஸ்டனுடையது. ஆப்பிரிக்காவைச் சுற்றிய அதே டேவிட் லிவிங்ஸ்டன்தான். 1844இல் மபோட்சா என்ற இடத்தில் அவர் சுட்ட சிங்கம், சாகாமல் பாய்ந்து வந்து தோளைக் கவ்வி, நாய் எலியை உலுக்குவதுபோல உலுக்கியது. இடது மேல்கை எலும்பு நொறுங்கியது, 11 பல் காயங்கள். ஆனால் அந்த நேரத்தில் வலியும் இல்லை, பயமும் இல்லை, கனவு மாதிரி இருந்தது, நடப்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது என்று பின்னால் எழுதுகிறார். குளோரோஃபார்ம் அரைகுறையாக ஏறியவர் அறுவையைப் பார்ப்பார், கத்தி படுகிற வலி மட்டும் தெரியாது, அந்த மாதிரி என்கிறார். இதைப் படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன், ஏனென்றால் நான் கொடுக்கிற கீட்டமின் என்ற மயக்க மருந்தும் கிட்டத்தட்ட அப்படித்தான், கண் திறந்தபடியே இருக்கும், ஆள் அங்கே இருக்கமாட்டார்.

இது கடவுளின் கருணை என்று லிவிங்ஸ்டன் நினைத்தார். இருக்கலாம். ஆனால் கதை அங்கே முடியவில்லை பாருங்கள். அந்த எலும்பு சரியாகக் கூடவே இல்லை. 1873இல் அவர் இறந்து, அடுத்த வருடம் உடல் இங்கிலாந்துக்கு வந்தபோது, இது அவர்தான் என்று டாக்டர்கள் உறுதி செய்தது அந்த எலும்பை வைத்துத்தான். முப்பது வருடம் கழிந்தும் காயம் அங்கேயே இருந்தது. நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது இது ஒன்றுதான்: வலி தெரியவில்லை என்றால் காயம் இல்லை என்று அர்த்தமில்லை.

சரி, எப்படி நடக்கிறது? வலி என்பது ஒரே சமாச்சாரம் இல்லை. எங்கே வலிக்கிறது, எவ்வளவு என்று தெரிவது ஒன்று. 'ஐயோ, இது எனக்கு வேண்டாம்' என்று தவிப்பது இன்னொன்று. 1997இல் மாண்ட்ரியலில் ஒரு சோதனை நடந்தது. கையைச் சூடான தண்ணீரில் வைக்கச் சொல்லி, ஹிப்னாஸிஸில் தவிப்பை மட்டும் கூட்டியும் குறைத்தும் பார்த்தார்கள். தவிப்போடு சேர்ந்து மாறியது மூளையின் நடுவில் உள்ள ஒரு பகுதி மட்டும்தான். தொடுகையைப் பதிகிற பகுதியில் அப்படி மாற்றம் தெரியவில்லை. விலகிப்போகிறவருக்கும் தவிப்புதான் முதலில் கழன்றுகொள்கிறது என்பது என் எண்ணம்.

அதோடு உடம்பே மார்ஃபின் என்ற வலி மருந்து மாதிரி ஒன்றைச் சுரக்கிறது. போரின் பாதிப்பு மனசை விட்டுப் போகாத எட்டு வியட்நாம் வீரர்களுக்குப் போர்ப்படம் காட்டிவிட்டு, சூடு வைத்துப் பார்த்த சோதனை 1990இல் வந்தது. வலி 30 சதவீதம் குறைவாகத் தெரிந்தது என்றார்கள். மார்ஃபினை முறிக்கிற நலோக்சோன் கொடுத்ததும் அந்தக் குறைவு காணாமல் போனது. படத்தைப் பார்த்ததற்கே உடம்பு மருந்து போட்டுக்கொண்டிருக்கிறது!

அதற்காக, இவர்கள் கொடுத்துவைத்தவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். சின்ன வயதில் அடி வாங்கி வாங்கி விலகிப்போகப் பழகியவர்களிடம், வளர்ந்த பிறகு தீராத இடுப்பு வலியும் வயிற்று வலியும் அதிகமாகவே காணப்படுகின்றன. விலகல் ஆபத்து நேரத்துக்கு உதவும், தினசரிப் பழக்கமானால் பசி, களைப்பு, சின்ன நோவு எதுவும் காதில் விழாது, பெரிதாகி அலறும்போதுதான் தெரியும். வலி பத்துக்கு எத்தனை என்று கேட்டால், எதிரே உட்கார்ந்து சுவரை வெறித்தபடி 'பத்துக்கு இரண்டு' என்கிறவரைப் பார்த்தால் எனக்கு அலறுகிறவரைவிட அதிகக் கவலை. கேஸ் ஷீட்டில் 'அமைதியாக இருக்கிறார்' என்று எழுதிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போவதை நானே இளம் வயதில் செய்திருக்கிறேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒற்றை விரலைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தான் இருக்கிறது. திரும்பி வர உதவுவதைப் பற்றி நிறைய எழுதி வைத்திருந்தேன், சிங்கம் தின்றுவிட்டது. சுருக்கமாக: பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், பாதம் தரையில் படுகிறதா, என்ன சத்தம் கேட்கிறது என்று கேளுங்கள், கன்னத்தில் தட்டி உலுக்காதீர்கள். திரும்பி வரும்போது வலியும் கூடவே வரும், அதனால் வலி மருந்து முன்கூட்டியே தயாராக இருக்கட்டும். இது அடிக்கடி நடக்கிறது என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள், வலிக்குப் பார்க்கிற டாக்டரிடமும் இதைச் சொல்லுங்கள். அப்புறம், பிள்ளைகளைப் பற்றி... இல்லை, நேரம் முடிந்தது. வணக்கம்.