கண்ணாடிப் பெட்டியும் கரித்துணியும்

நடுவர் அய்யா அவர்களுக்கும், நோம்பிக்கு வந்து பந்தல்ல உக்காந்திருக்கிற ஊர்ப் பெரியவங்களுக்கும் வணக்கமுங்க. 'தொளதொள அங்கியை வாழவைத்தது அரண்மனைப் பகட்டா, வீட்டுச் சௌகரியமா?' சௌகரியந்தான்னு பேச வந்திருக்கேன்.

எதிரணி அக்கா இஸ்தான்புல் வரைக்கும் நம்மளக் கூட்டிட்டுப் போனாங்க. தோப்காப்பி அரண்மனையில சுல்தான்கள் போட்ட கஃப்தான்ங்கற நீளத் தொளதொள அங்கி இன்னும் பளபளன்னு இருக்குது, தூதருக்கெல்லாம் 'கிலாத்'துன்னு மரியாதை அங்கி போர்த்தினாங்கன்னு சொன்னாங்க. நெசந்தானுங்க. ஆனா ஏன் இன்னும் பளபளன்னு இருக்குது? சுல்தான் கண்ண மூடினதும் அவர் துணிமணிய மூட்டை கட்டி, பேரெழுதிப் பத்திரமா வெச்சுட்டாங்க. குடியானவன் போட்ட அங்கி கிழியற வரைக்கும் உழைச்சுதுங்க. கிழிஞ்சது கண்ணாடிப் பெட்டிக்கு வராது. பெட்டியில இருக்கறத மட்டும் எண்ணித் தீர்ப்புச் சொன்னா ஞாயமாங்க?

ரஷ்யாவப் பாருங்க. 1700-ல அந்த நாட்டு மன்னர் மகா பீட்டர் மாஸ்கோவுல உத்தரவு போட்டார்: பிரபுக்களும் அதிகாரிகளும் பழைய நீள அங்கியக் கழட்டிட்டு ஹங்கேரிப் பாணி உடுப்புக்கு மாறோணும். பின்னால ஜெர்மன் பாணின்னாங்க. மீறிப் போட்டுட்டு வந்தவங்களுக்கு நகர வாசல்லயே அபராதம். அரண்மனையே அங்கியத் தொரத்தி விட்டுருச்சு. அப்புறம் அது யாருகிட்ட இருந்துச்சு? உத்தரவுல விலக்குக் கெடச்ச விவசாயிகிட்ட. அடுத்த நூற்றாண்டுலயும் அவன் கஃப்தானோடதான் வண்டி ஓட்டினான். எதிரணி இதுக்குப் பதில் சொல்லட்டும்.

இனி நம்மூருக்கு வருவோம். பேருதான் நைட்டி, காலையில பால் கறக்கறப்பவே ஆரம்பிச்சுருது. என்ற அமுச்சி பின்கொசுவம் வெச்சு சேலை கட்டினவங்க. "இந்தச் சாக்குப்பையப் போட்டுட்டு மனுசன் வெளிய வருவானா?"ன்னு கேட்டவங்க. முழங்கால் வலி வந்து, கொசுவம் சொருகக் குனிய முடியாமப் போனதும் கேட்டாங்க பாருங்க, "பை வெச்சதா ஒண்ணு வாங்கியாம்மிணி." ஈரோட்டு ஜவுளிச் சந்தையில ரெண்டு எடுத்தேன். இப்ப தோள்ல ஒரு துண்டப் போட்டுட்டுக் கட்டுத்தறிக்கும் போறாங்க, கடைக்கும் போறாங்க. எந்த சுல்தானுங்க அவங்களுக்குப் போர்த்திவிட்டது?

அதுல ஒண்ணு போன வருசமே நைஞ்சு போச்சு. எங்கூட்டு அடுப்படியில இப்ப சட்டி எறக்கற கரித்துணி அதுதானுங்க. எதிரணி அக்கா கேட்டா சாட்சிக்கு எடுத்துட்டு வர்றேன், வணக்கம்.